ஸ்ரீரங்கத்து மாடி ரூமில் ஹிப்ஹாப் ஸ்டுடியோ... எதை வாங்கணும், எதை வாங்கவே வேணாம்?

ஒரு சின்ன டெஸ்ட். போன்ல வாய்ஸ் ரெக்கார்டரை ஆன் செய்து, ரூம் நடுவில் வைத்துவிட்டு 30 விநாடி பேசாமல் இருங்க. பிறகு ஹெட்போன் மாட்டி, சவுண்டை முழுசா ஏத்திக் கேளுங்க.

நீங்கள் ஸ்ரீரங்கத்தில் இருந்தால் என்னவெல்லாம் கேட்கும்? தலைக்கு மேல் ஓடும் ஃபேன். பக்கத்து வீட்டு மிக்ஸி. சித்திரை வீதியில் ஹாரன் அடித்துக்கொண்டே போகும் ஸ்கூட்டர். கோயில் பக்கமிருந்து மெல்லிசாக நாகஸ்வரம், தவில். நேரம் சரியாக அமைந்தால் மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ்கூட. இத்தனை நாளாக அதே ரூமில்தான் இருந்தீர்கள். காது இதையெல்லாம் வடிகட்டிவிட்டது. மைக்குக்கு அந்த வேலை தெரியாது. அது எல்லாவற்றையும் ஒரே மரியாதையோடு உள்ளே வாங்கிக்கொள்ளும்.

ஹிப்ஹாப் பண்ணணும், சொந்தமா டிராக் போடணும்னு ஆசைப்படுகிறவர்கள் முதலில் சறுக்குவது இந்த இடத்தில்தான். யூடியூபில் பெரிய ராப்பர் ஒருவரின் ஸ்டுடியோ டூர் பார்க்கிறோம். அவர் வைத்திருக்கும் மைக்கின் பேரைத் தேடுகிறோம். இ.எம்.ஐ போட்டு அதே மாதிரி ஒன்றை வாங்குகிறோம். ரெக்கார்டு செய்து கேட்டால் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கிறது. ‘நம்ம குரல் சரியில்ல போல’ என்று மைக்கை டப்பாவில் போட்டு மூடிவிடுகிறோம். இ.எம்.ஐ மட்டும் மாதாமாதம் ஓடிக்கொண்டே இருக்கிறது.

குரலில் எந்தத் தப்பும் இல்லை பாஸ். வாங்கிய வரிசையில்தான் தப்பு. ஹிப்ஹாப் ப்ரொட்யூசர் ஒருவரின் அறையில் இருக்கும் கருவிகள் ஒவ்வொன்றும் என்ன செய்கின்றன, எது முதலில் தேவை, எது இல்லாமலே சமாளிக்கலாம்? வாங்க, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மைக்கைப் பழகிய ஊர்தான் இது

‘இதெல்லாம் சென்னைக்காரங்க சமாசாரம், திருச்சியில் உட்கார்ந்துகொண்டு என்ன பண்ண முடியும்?’ என்று நினைப்பவர்களுக்கு ஒரு பழைய கதை. திருச்சி வானொலி நிலையம் ஒலிபரப்பைத் தொடங்கியது 1939-ல். 1960-களில் ஏ.டி.டி-27 என்ற புது நெல் ரகத்தைப் பற்றி அந்த நிலையம் விவசாயிகளிடம் பேசிப் பேசியே பரப்பியது. கடைசியில் ஊர்மக்கள் அந்த நெல்லுக்கே ‘ரேடியோ நெல்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். மைக் முன்னால் ஒருவர் ஒழுங்காகப் பேசினால் எவ்வளவு தூரம் போகும் என்பதை டெல்டா பார்த்தது அப்போதே.

புதுக் கதை சந்தோஷ் நாராயணன். திருச்சிக்காரர். இங்கேயே ஜே.ஜே இன்ஜினீயரிங் கல்லூரியில் படித்தவர். 2012-ல் ‘அட்டகத்தி’யில் இசையமைப்பாளராக அறிமுகமாவதற்கு முன்பு அவர் பார்த்த வேலை, ரெக்கார்டிங் இன்ஜினீயர். அதாவது, பாட்டுக்கு மெட்டுப் போடுவதற்கு முன்பே, சத்தத்தை எப்படிப் பிடிப்பது என்று தெரிந்துகொண்டு வந்தவர். 2018-ல் வந்த ‘காலா’வில் மும்பை தாராவியின் ராப் குழுவான டோப்படெலிக்ஸின் குரல்கள் ரஜினி படத்தில் ஒலித்தன. 2021 மார்ச்சில் தீ, அறிவு குரல்களில் வெளியான ‘என்ஜாய் எஞ்சாமி’யின் தயாரிப்பும் சந்தோஷ் நாராயணன்தான். ஒப்பாரியின் சாயலும் ராப்பும் ஒரே பாட்டில் கலந்து உலகம் சுற்றின.

இந்த இரண்டு கதைகளிலும் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. கருவியின் விலையைவிட, அதைக் கையாளத் தெரிந்த ஆள் முக்கியம்.

ப்ரொட்யூசர்னா யாரு?

சினிமாவில் ப்ரொட்யூசர் என்றால் பணம் போடுபவர். ஹிப்ஹாப்பில் அப்படி இல்லை. பீட் செய்பவர், குரலைப் பதிவு செய்பவர், ‘இந்த வரியை இன்னொரு தடவை, கொஞ்சம் கோபமா’ என்று ராப்பரை வேலை வாங்குபவர், கடைசியில் எல்லாவற்றையும் கலந்து பாட்டாக ஆக்குபவர். எல்லாம் சேர்ந்தவர்தான் ப்ரொட்யூசர். பல சமயம் ராப்பரும் அவரேதான்.

இந்தக் கலை பிறந்ததே கையில் இருந்ததை வைத்துத்தான். 1973 ஆகஸ்ட் 11. நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் நடந்த பார்ட்டியில் டி.ஜே கூல் ஹெர்க் இரண்டு ரெக்கார்டு பிளேயர்களை வைத்துக்கொண்டு, பாட்டில் டிரம்ஸ் மட்டும் வரும் இடத்தை நீட்டி நீட்டி ஓட்டினார். அதைத்தான் ஹிப்ஹாப்பின் பிறந்தநாள் என்கிறார்கள். 1980-ல் ரோலண்ட் நிறுவனம் டி.ஆர்-808 என்ற ரிதம் மெஷினை விட்டது. ‘நிஜ டிரம்ஸ் மாதிரியே இல்லையே’ என்று பலர் ஒதுக்கினார்கள். மூன்றே வருடத்தில் தயாரிப்பும் நின்றது. பழைய விலைக்குக் கைமாறிய அந்த மெஷின்களை எடுத்துப் பயன்படுத்தியவர்கள் காசில்லாத இளைஞர்கள். இன்று நீங்கள் கேட்கும் பாதி பாட்டில் நெஞ்சில் இடிக்கும் அந்த ‘பூம்ம்ம்’ இருக்கிறதே, அது 808-ன் வாரிசு.

நம்ம பக்கமும் அப்படித்தான். 2006-ல் மலேசியாவின் யோகி பி, நட்சத்ரா குழு ‘வல்லவன்’ ஆல்பத்தைக் கொண்டுவந்தது. 2012-ல் ஹிப்ஹாப் தமிழாவின் ‘ஹிப்ஹாப் தமிழன்’. 2019-ல் அறிவும் ப்ரொட்யூசர் ஆஃப்ரோவும் சேர்ந்து ‘தெருக்குரல்’. சினிமா வாய்ப்புக்காகக் காத்திருக்காமல் ஆரம்பித்த ஆல்பங்கள் இவை.

முதல் கருவி, உங்கள் ரூம்

நடு ரூமில் நின்று ஒரு தடவை பலமாகக் கைதட்டுங்கள். தட்டிய பிறகு ‘ட்ரிங்ங்’ என்று ஒரு வால் நீள்கிறதா? சத்தம் சுவரில் பட்டு, எதிர்ச் சுவரில் பட்டு, மாறி மாறி ஓடுகிறது என்று அர்த்தம். உங்கள் குரலும் அப்படித்தான் ஓடும். வாயிலிருந்து நேராக வரும் குரல், சுவரில் பட்டுச் சற்றுத் தாமதமாக வரும் குரல், இரண்டும் மைக்கில் ஒன்றாகக் கலக்கும்போதுதான் அந்தக் ‘கிணற்றுக் குரல்’ பிறக்கிறது. இதை எந்தச் சாஃப்ட்வேராலும் முழுசாகக் கழுவ முடியாது.

ஸ்ரீரங்கத்துப் பழைய வீடுகளில் திண்ணை, ரேழி, கூடம், முற்றம் என்று நீளமாகப் போகும். தடித்த சுவர், மரத்தூண், வானம் பார்த்த முற்றம். சத்தம் சிதறவும் வெளியேறவும் வழி உண்டு. நாம் இன்று கட்டும் பத்துக்குப் பத்து கான்கிரீட் ரூமும் டைல்ஸ் தரையும்தான் சிக்கல். பத்தடி இடைவெளியுள்ள இரண்டு சுவர்களுக்கு நடுவே சுமார் 56 ஹெர்ட்ஸ் சத்தம் கச்சிதமாக மாட்டிக்கொண்டு பெருகும். 808 பேஸ் உட்காருவதும் கிட்டத்தட்ட அந்த இடத்தில்தான். நீளமும் அகலமும் ஒன்றாக இருந்தால் பிரச்னை டபுள். அதனால்தான் ஓர் இடத்தில் நின்றால் பேஸ் இடிக்கிறது, ரெண்டடி தள்ளி நின்றால் காணாமல் போகிறது.

என்ன செய்யலாம்? காசு செலவழிக்கும் முன் வீட்டைச் சுற்றிப் பாருங்கள். பஞ்சு மெத்தை, கம்பளி, ஜமக்காளம், துணி தொங்கும் கொடி. இவையெல்லாம் சத்தத்தை உறிஞ்சும். முக்கியமான விஷயம், மெத்தையை எங்கே நிறுத்துவது? எல்லோரும் மைக்குக்குப் பின்னால் நிறுத்துவார்கள். ஆனால், ராப்பர்கள் பயன்படுத்தும் பெரும்பாலான மைக்குகள் முன்பக்கம் வருவதைத்தான் நன்றாகக் கேட்கும், பின்பக்கம் மந்தம். மைக்கின் முன்பக்கம் எதைப் பார்க்கிறது? உங்களையும், உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும் சுவரையும். அதனால் மெத்தை முதலில் வரவேண்டியது உங்கள் முதுகுக்குப் பின்னால். அடுத்த மெத்தை கிடைத்தால் பக்கவாட்டில்.

செய்யக்கூடாதவை மூன்று. ஒன்று, முட்டை அட்டை ஒட்டுவது. பார்க்க ஸ்டுடியோ மாதிரி இருக்கும். மேல் சுருதிகளைக் கொஞ்சம் தொடுவதோடு சரி, வேறு பிரயோஜனம் இல்லை. சீக்கிரம் தீப்பிடிக்கும் என்பது தனி ஆபத்து. இரண்டு, மெல்லிய ஃபோம் ஒட்டிவிட்டு, ‘இனி ரயில் சத்தம் வராது’ என்று நம்புவது. ஃபோம் உள்ளே சுற்றும் எதிரொலியைக் குறைக்கும். வெளிச்சத்தத்தைத் தடுக்காது. அதற்கு எடையும் இடைவெளி இல்லாத கதவும் வேண்டும். மூன்று, இரும்பு பீரோ பக்கத்தில் ரெக்கார்டு செய்வது. பேஸ் வரும்போதெல்லாம் பீரோ கூடவே பாடும்.

வெளிச்சத்தத்துக்கு மலிவான மருந்து, நேரம். எந்த மணிக்கு ரயில், எந்த மணிக்குக் கோயில் மேளம், எந்த மணிக்குப் பக்கத்து வீட்டு சீரியல் என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள். நடுவில் ஒரு மணிநேரம் நிச்சயம் கிடைக்கும். மார்கழி விடிகாலை மட்டும் வேண்டாம். அப்போது தெரு முழுக்கத் திருப்பாவை. அந்த நேரத்தில் நாமும் கேட்பதுதான் நல்லது.

மைக்: விலையைப் பார்க்காதீங்க, தூரத்தைப் பாருங்க

மைக்கில் இரண்டு பெரிய சாதி உண்டு. டைனமிக் மைக்கில், காந்தத்துக்குள் ஒரு சின்னக் கம்பிச்சுருள். சத்தம் பட்டதும் அது ஆட, மின்சாரம் பிறக்கிறது. முரட்டுப் பையன். மேடையில் கீழே விழுந்தாலும் எழுந்து வேலை செய்யும். கண்டென்சர் மைக்கில் மிக மெல்லிய சவ்வு ஒன்றும் அதன் பின்னால் ஒரு தகடும் இருக்கும். இது வேலை செய்ய வெளியிலிருந்து 48 வோல்ட் மின்சாரம் கொடுக்க வேண்டும். ‘பேன்டம் பவர்’ என்பது அதுதான். மூச்சு, உதடு ஒட்டிப் பிரிவது வரை எல்லாவற்றையும் பிடிக்கும்.

‘சத்தமான ரூமா? அப்போ டைனமிக் வாங்கு, அது வெளிச்சத்தம் வாங்காது’ என்று ஒரு நம்பிக்கை உண்டு. பாதிதான் உண்மை. டைனமிக் மைக்கை நாம் வாய்க்குப் பக்கத்தில் வைத்துப் பேசுகிறோம். அதனால் குரல் பெரிதாகி, மற்றது சின்னதாகத் தெரிகிறது. மாயம் மைக்கில் இல்லை, தூரத்தில் இருக்கிறது. வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் குரலின் அளவு சுமார் 6 டெசிபல் ஏறும். ரூம் சத்தம் அப்படியே இருக்கும். ஒரு ரூபாய் செலவில்லாமல் கிடைக்கும் லாபம் இது.

அதற்காக மைக்கை விழுங்கிவிடவும் கூடாது. மிகப் பக்கத்தில் போனால் குரலின் அடிப்பகுதி வீங்கும். ஒரு சாண் தூரத்தில் ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கி, உங்கள் குரலுக்குச் சரியான இடத்தைக் கண்டுபிடியுங்கள்.

அடுத்தது ‘ப’. வாய் முன்னால் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, கோபமாக ‘பட்டப்பகலில் பத்து பேரு’ என்று சொல்லிப் பாருங்கள். கையில் காற்று அடிக்கிறதா? அது மைக்கில் ‘டப் டப்’ என்று இடியாக விழும். ராப்பில் எழுத்துகளை அழுத்திச் சொல்வதால் இது இன்னும் அதிகம். இதற்குத்தான் பாப் ஃபில்டர் என்ற வலை. மைக்கிலிருந்து மூன்று நான்கு விரல் தள்ளி வைத்து, மைக்கைக் கொஞ்சம் சாய்த்து, வாய்க் காற்று நேராக மைக்கில் போகாமல் அதன் ஓரமாகப் போகவிட்டால் போதும். ‘ச’, ‘ஸ’ எழுத்துகள் சீறினாலும் இதே சாய்வு உதவும்.

விலை விஷயத்தில் மனதைத் தேற்ற ஒரு தகவல். மைக்கேல் ஜாக்சனின் ‘த்ரில்லர்’ ஆல்பம் 1982-ல் வந்தது. அதில் அவர் குரலைப் பதிவு செய்யப் பயன்பட்டது ஷ்யூர் எஸ்.எம்-7 என்ற டைனமிக் மைக். அந்தக் காலத்துப் பெரிய ஸ்டுடியோக்களில் அதைவிடப் பல மடங்கு விலையுள்ள கண்டென்சர்கள் இருந்தன. இன்ஜினீயர் புரூஸ் ஸ்வீடியன் விலையைப் பார்க்கவில்லை, அந்தக் குரலுக்கு எது பொருந்துகிறது என்று பார்த்தார். அதன் இன்றைய வடிவமான எஸ்.எம்-7பி-தான் பாட்காஸ்ட்களில் எல்லாம் தெரியும் அந்தக் கறுப்பு மைக். ஆனால் ஒன்று, அதன் சிக்னல் மிகச் சன்னமானது. மலிவான இன்டர்ஃபேஸோடு மாட்டினால், சவுண்டை ஏத்த ஏத்த ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சலும் கூட வரும். ஆரம்பிப்பவர்களுக்கு 1966-லிருந்து மேடைகளில் அடிவாங்கிக்கொண்டிருக்கும் எஸ்.எம்-58 மாதிரி ஒரு சாதாரண டைனமிக் மைக்கே தாராளம்.

இன்டர்ஃபேஸ்: நடுவில் நிற்கும் மொழிபெயர்ப்பாளர்

மைக் கொடுப்பது மிகச் சின்ன மின் அலை. கம்ப்யூட்டருக்குத் தெரிந்தது எண்கள். நடுவில் நின்று அலையைப் பெரிதாக்கி, எண்களாக மாற்றித் தருகிற பெட்டிதான் ஆடியோ இன்டர்ஃபேஸ். வீட்டில் ஒருவர் குரலை மட்டும் பதிவு செய்ய, ஒரு மைக் செருகும் வசதி உள்ள சின்னப் பெட்டியே போதும். எட்டு மைக் செருகும் பெட்டி உங்களுக்கு இப்போது தேவையில்லை.

செட்டிங்கில் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் வைத்துக்கொள்ளுங்கள். 16 பிட்டில் மிக மெல்லிய சத்தத்துக்கும் மிகப் பெரிய சத்தத்துக்கும் நடுவே 96 டெசிபல் இடம் கிடைக்கும். 24 பிட்டில் கணக்குப்படி 144. இவ்வளவு இடம் இருப்பதால் மீட்டரைச் சிவப்பு வரை ஏற்ற வேண்டிய அவசியமே இல்லை. நீங்கள் உச்சமாகக் கத்தும் வரியைப் பாடிப் பார்த்து, மீட்டர் மைனஸ் 12, மைனஸ் 10-ஐத் தாண்டாமல் கெய்ன் வையுங்கள். பூஜ்யத்தைத் தொட்டால் அலையின் தலை வெட்டுப்பட்டுவிடும். வெட்டுப்பட்ட தலை திரும்பி வராது.

இன்னொரு தலைவலி, லேட்டன்சி. நீங்கள் பேசியது ஹெட்போனில் கொஞ்சம் லேட்டாகத் திரும்பக் கேட்கும். சாஃப்ட்வேரில் ‘பஃபர்’ 1024 என்று இருந்தால், 48 கிலோஹெர்ட்ஸில் அது மட்டுமே சுமார் 21 மில்லி செகண்ட். காற்றில் சத்தம் அந்த நேரத்தில் ஏழு மீட்டர் போய்விடும். அதாவது, உங்கள் குரலை ஏழு மீட்டர் தள்ளி நின்று யாரோ உங்களிடமே சொல்கிற மாதிரி. ராப்பில் தாளம் தட்டிப்போக இது போதும். பதிவு செய்யும்போது பஃபரை 128 அல்லது 256-க்கு இறக்குங்கள். மிக்ஸிங்கின்போது திரும்ப ஏற்றிக்கொள்ளலாம். முக்கியமாக, ப்ளூடூத் ஹெட்போனில் ரெக்கார்டு செய்யவே செய்யாதீர்கள். தாமதம் இன்னும் பல மடங்கு.

‘உம்ம்ம்’ சத்தமா? கரன்ட்டைப் பாருங்க

எல்லாம் சரியாக மாட்டியும் பின்னால் ‘உம்ம்ம்’ என்று ஒரு முனகல். நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதுவும் அதன் இரட்டிப்பான 100-ம்தான் அந்த முனகல். முதலில் லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். சத்தம் நின்றால் கோளாறு எர்த்திங்கில். மூன்று முள் பிளக்கை இரண்டு முள் சாக்கெட்டில் சொருகும் நம்ம ஊர் சாமர்த்தியம் இங்கே எடுபடாது. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது மைக் வாங்குவதைவிட அவசரம். ஷாக் அடிக்காமல் இருக்கவும் அதுதான் வழி.

கரன்ட் போனால் இன்வெர்ட்டர் ஓடுமே என்பீர்கள். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டராக இருந்தால் ஃபேனே கரகரக்கும், ஸ்பீக்கரைக் கேட்கவா வேண்டும்? சைன் வேவ் என்றால் பரவாயில்லை. இல்லாவிட்டால் கரன்ட் வரும்வரை வரிகளைத் திருத்துங்கள்.

ஃபேனையும் ஏ.சி-யையும் ரெக்கார்டிங் நேரத்தில் நிறுத்தியே ஆக வேண்டும். திருச்சி சித்திரை வெயிலில் இது தண்டனைதான். மூன்று நிமிடம் பதிவு, ஐந்து நிமிடம் ஃபேன் என்று பிரித்துக்கொள்ளுங்கள். வியர்வையோடு பாடிய பத்தாவது டேக்கைவிட, நிதானமாகப் பாடிய மூன்றாவது டேக் எப்போதும் நன்றாக இருக்கும்.

பீட்: பதினாறு பட்டனில் ஒரு தாளவாத்தியம்

1988-ல் அகாய் நிறுவனமும் ரோஜர் லின்னும் சேர்ந்து எம்.பி.சி-60 என்ற பெட்டியைக் கொண்டுவந்தார்கள். நாலுக்கு நாலு, மொத்தம் பதினாறு ரப்பர் பட்டன். எந்தச் சத்தத்தையும் பதிவு செய்து ஒரு பட்டனில் வைத்துவிட்டு, விரலால் தட்டி வாசிக்கலாம். ஹிப்ஹாப் ப்ரொட்யூசரின் அடையாளமே அந்தப் பெட்டிதான்.

இன்று அதே வேலையை லேப்டாப்பில் எஃப்.எல் ஸ்டுடியோ, ஏபிள்டன் லைவ் மாதிரி சாஃப்ட்வேர்கள் செய்கின்றன. போனிலேயே பேண்ட்லேப், ஐபோன் என்றால் கராஜ்பேண்ட், இரண்டும் இலவசம். கூடவே ஒரு சின்ன மிடி கீபோர்டு இருந்தால் வேலை வேகமாகும். மிடி என்பது 1983-ல் வந்த பொது மொழி. அதில் சத்தமே கிடையாது. ‘இந்தக் கட்டையை, இவ்வளவு அழுத்தி, இவ்வளவு நேரம்’ என்ற தகவல் மட்டும்தான். அழுத்தத்துக்கு 127 வரை படிகள் உண்டு. புதிதாக பீட் போடுபவர்களின் டிரம்ஸ் பொம்மை மாதிரி கேட்பதற்குக் காரணம், எல்லா அடியும் ஒரே அழுத்தத்தில் இருப்பது. மிருதங்கமோ தவிலோ கற்றுக்கொண்ட நண்பர் யாராவது இருந்தால் ‘தகதிமி’யை மேஜையில் தட்டச் சொல்லிக் கவனியுங்கள். நாலு எழுத்தும் நாலு கனத்தில் விழும். அந்த ஏற்ற இறக்கத்தை உங்கள் பட்டன்களில் கொண்டுவந்தால் பீட்டுக்கு உயிர் வந்துவிடும்.

ஹெட்போனும் டவுன் பஸ்ஸும்

ரெக்கார்டிங்குக்குக் காதை முழுசாக மூடும் ‘க்ளோஸ்டு பேக்’ ஹெட்போன் வேண்டும். இல்லாவிட்டால் பீட் கசிந்து மைக்கில் ஏறும். பேஸ் கூட்டிக்காட்டும் ஹெட்போன் வேண்டாம். அதை நம்பி நீங்கள் பேஸைக் குறைத்துவிடுவீர்கள். ஸ்டுடியோ ஸ்பீக்கர்? அந்தப் பத்துக்குப் பத்து ரூமைச் சரிசெய்யும் வரை அதற்குக் காசைப் போடாதீர்கள். ஸ்பீக்கர் உண்மை பேசினாலும் ரூம் பொய் சொல்லும்.

மிக்ஸ் முடிந்ததும் போன் ஸ்பீக்கரில் கேளுங்கள். உங்கள் 808 காணாமல் போயிருக்கும். 50 ஹெர்ட்ஸை அந்தச் சின்ன ஸ்பீக்கரால் தள்ளவே முடியாது. பேஸைக் கூட்டுவதால் பயனில்லை. ‘சாச்சுரேஷன்’ என்ற எஃபெக்டைக் கொஞ்சம் சேர்த்தால் 100, 150 ஹெர்ட்ஸில் துணைச் சுரங்கள் பிறக்கும். காது அதை வைத்தே கீழே இருக்கும் பேஸை ஊகித்துக்கொள்ளும். கேட்பவர்களில் பெரும்பாலோர் போனில்தான் கேட்கப் போகிறார்கள் என்பதால் இதை மறக்காதீர்கள்.

அடுத்த டெஸ்ட், நண்பனின் கார். அதற்கடுத்து இயர்போனோடு சத்திரத்திலிருந்து ஸ்ரீரங்கம் டவுன் பஸ்ஸில் ஏறுங்கள். காவிரிப் பாலத்தைத் தாண்டும் கூச்சலிலும் உங்கள் வரிகள் புரிகின்றனவா? புரிந்தால் மிக்ஸ் பாஸ்.

100 ரூபாய் கணக்கு

உங்கள் பட்ஜெட் எவ்வளவாக இருந்தாலும் அதை 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இன்டர்ஃபேஸுக்கு 30, மைக்குக்கு 30, ஹெட்போனுக்கு 25. மீதி 15-ல் ஸ்டாண்ட், பாப் ஃபில்டர், நல்ல கேபிள். மிடி கீபோர்டு அடுத்த ரவுண்டில். ஸ்பீக்கர் அதற்கும் அடுத்து. மெத்தை வீட்டிலேயே இருக்கிறது. கடன் வாங்க வேண்டிய ஒரு பொருளும் இந்தப் பட்டியலில் இல்லை.

கையில் ஒரு ரூபாய்கூட இல்லையா? போனை எடுத்து, நாலைந்து போர்வையைக் கொடியில் தொங்கவிட்டு, அதற்கு நடுவே நின்று பதிவு செய்யுங்கள். எம்.பி3-யில் வேண்டாம், வேவ் ஃபைலாக எடுங்கள். பத்து பாட்டு அப்படிச் செய்த பிறகு உங்களுக்கு என்ன குறைகிறது என்று நீங்களே சொல்வீர்கள். அதை மட்டும் வாங்கினால் போதும்.

வீட்டு ஸ்டுடியோவில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. வாடகை ஸ்டுடியோ என்றால் மணிக்கணக்கில் காசு. பத்தாவது தப்புக்கு இன்ஜினீயர் கடிகாரத்தைப் பார்ப்பார். பெண்கள் என்றால், ‘ராத்திரி பத்து மணிக்கு ஸ்டுடியோவா?’ என்ற கேள்வியிலேயே பல பாட்டுகள் நின்றுபோகின்றன. சொந்த ரூமில் சொந்த மைக் இருந்தால், தப்பு செய்ய யாரிடமும் அனுமதி வாங்க வேண்டாம். தப்பு செய்யாமல் யாரும் ராப் கற்றுக்கொண்டதில்லை.

பாட்டு ஹிட்டானா யாருக்கு என்ன?

கடைசிக் கருவி, ஒரு பேப்பரும் பேனாவும். பழைய சினிமாப் பாட்டிலிருந்து நாலு விநாடி வெட்டி பீட் போட்டாலும் அது அடுத்தவர் சொத்து. 1957-ம் ஆண்டு காப்புரிமைச் சட்டப்படி, ஓர் ஒலிப்பதிவுக்கு வெளியான காலத்திலிருந்து 60 ஆண்டு பாதுகாப்பு. மெட்டுக்கும் வரிகளுக்கும் படைப்பாளியின் ஆயுளுக்குப் பிறகும் 60 ஆண்டு. ‘இவ்வளவு விநாடி வரை ஃப்ரீ’ என்பது வாட்ஸ்அப் சட்டம், நிஜ சட்டம் இல்லை. யூடியூப் தானாகவே கண்டுபிடித்துவிடும். நெட்டில் எடுக்கும் ‘ஃப்ரீ பீட்’களிலும் நிபந்தனையைப் படியுங்கள். பல பீட்கள் காசு சம்பாதிக்காத வரைதான் ஃப்ரீ.

அதைவிட நல்ல வழி, உங்கள் சத்தத்தை நீங்களே பிடிப்பது. அம்மா மண்டபப் படித்துறையில் தண்ணீர், காந்தி மார்க்கெட்டில் விலை கூவும் குரல், பாட்டியின் உரல். குரலுக்கு உரியவரிடம் கேட்டு, அனுமதி வாங்கிப் பதிவு செய்தால் அந்த சாம்பிள் உலகத்தில் வேறு யாரிடமும் இருக்காது.

நண்பர்களோடு சேர்ந்து செய்கிறீர்களா? பாட்டு வெளியாகும் முன்பே, வரி யாருடையது, பீட் யாருடையது, வருமானத்தில் யாருக்கு எத்தனை சதவிகிதம் என்று எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். ‘என்ஜாய் எஞ்சாமி’ அளவுக்கு உலகம் கொண்டாடிய பாட்டிலேயே பெயர், வருமானம் பற்றிய கேள்விகள் பிறகு பொதுவெளியில் வெடித்ததைப் பார்த்தோம். ‘நமக்குள்ள என்னடா’ என்று ஆரம்பிக்கும் கூட்டணிகள்தான் பெரும்பாலும் பேசாமல் பிரிகின்றன. பாட்டு எழுதுபவர்களும் இசையமைப்பவர்களும் ஐ.பி.ஆர்.எஸ் அமைப்பில் உறுப்பினராகப் பதிவுசெய்து வைத்துக்கொண்டால் ராயல்டிக்கு ஒரு வழி திறக்கும்.

சரி, இப்போது முதலில் செய்த அந்த 30 விநாடி ரெக்கார்டிங்கை இன்னொரு தடவை கேளுங்கள். அதில் ஃபேனை நிறுத்தலாம். மிக்ஸி முடியும் வரை காத்திருக்கலாம். முதுகுக்குப் பின்னால் மெத்தையை நிறுத்தலாம். இதில் எதற்கும் காசு தேவையில்லை. அதற்குப் பிறகும் அந்தத் தவில் சத்தம் தூரத்தில் கேட்டுக்கொண்டே இருந்தால் அழிக்காதீர்கள். அதற்கு மேல் ஒரு பீட் போட்டுப் பாருங்கள்.